நம்பர் அக்கா

"அக்கா எண்டு கூப்பிட்டால் நம்பர் குறையாது."

அவர் என்னிடம் சொன்ன முதல் வசனம் இதுதான். சொல்லிவிட்டு என் இடது கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கையில் நீலப் பேனையால் 63 என்று எழுதினார். எழுதிய கையோடு மடியிலிருந்த புள்ளிவிபரவியல் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஃபுட்போல் அணிக்கும், மேற்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் வரும் ஓர் ஊரின் பல்கலைக்கழக அணிக்கும் பரம்பரைப் பகை. ஃபுட்போல் என்றால் உதைபந்து அல்ல, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நீள்வட்டப் பந்துக்காக மோதுகிற கனடிய விளையாட்டு. மற்ற ஆட்டங்கள் பலவற்றுக்கு மைதானத்தில் இருக்க ஆளில்லாமல் பாதி வாங்கு காலியாகக் கிடக்கும். பெரிய ஆட்டம் இரண்டு மூன்றுக்கு வரிசை நிற்கும், இந்த ஆட்டத்துக்கோ அடிபிடி. அதுவும் ஆட்டம் அவர்களுடைய ஊரில் நடக்கும் வருடங்களில், எங்கள் பக்கத்துக்கென்று அவர்கள் அனுப்பும் நுழைவு ரிக்கற் கொஞ்சமே கொஞ்சம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு விளையாட்டுக் கட்டடத்து யன்னல் திறக்கும். மாணவர் அட்டையைக் காட்டினால் ஆளுக்கு இரண்டு தருவார்கள். ஒன்று தனக்கு, மற்றது கூட்டிக்கொண்டு போகிறவருக்கு. பதினொரு மணியாவதற்குள் எல்லாம் முடிந்து யன்னல் சாத்திவிடும்.

அன்று எட்டரைக்கே போய்விட்டேன் என்று எனக்குப் பெருமை. போனால், யன்னலில் தொடங்கிய வரிசை கட்டடத்துக் கதவு மட்டும் நீண்டு கிடந்தது. அதன் தலைப்பில், சுவரோடு சாய்ந்தபடி, ஆம்பிளையள் போடுகிற சாம்பல் நிறக் கோட்டுக்குள் ஒரு சின்ன உருவம். பார்த்தவுடன் தெரிந்தது, எங்கடை ஆள். எனக்குத் தெய்வத்தைக் கண்ட மாதிரி இருந்தது. நேரே போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு, "அக்கா, நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டபடி பக்கத்தில் ஒட்டி நின்றேன். அதற்குக் கிடைத்த மறுமொழிதான் மேலே சொன்னது.

பிறகு விசாரித்தபோதுதான் முழுக்கதையும் விளங்கியது. அக்காவுக்கு ஃபுட்போலில் ஒரு மண்ணாங்கட்டி ஆசையும் இல்லை. ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் வீட்டில் ஏழு பேரோடு இருந்தார். படிக்க இடமில்லை. முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தில் திறந்திருப்பது விளையாட்டுக் கட்டடம் ஒன்றுதான். அதன் நடையில் சூடு இருந்தது, வெளிச்சம் இருந்தது, ஒரு வாங்கும் இருந்தது. வாங்குக்கு எதிரே ரிக்கற் யன்னல். ரிக்கற் கொடுக்கிற நாட்களில் பின்னால் வருகிறவர்கள், இவர்தான் முதல் ஆள் என்று நினைத்து வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். சும்மா இருந்தவரை வரிசைக்குத் தலைவியாக்கியது அவர்கள்தான்.

ஆனால் ஒரு வேலை கையில் வந்துவிட்டால் அக்கா அதை அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. வருகிறவர்களின் புறங்கையில் நம்பர் எழுதத் தொடங்கினார். நம்பர் உள்ளவர் பத்து நிமிடம் வெளியே போய் வரலாம். பதினோராவது நிமிடம் நம்பர் செத்துவிடும். ஆளுக்குப் பதிலாகப் பையோ, சப்பாத்தோ, கோட்டோ நிற்கக் கூடாது. சிநேகிதனுக்கு இடம் பிடிக்கக் கூடாது. இந்த விதிகளை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. யன்னல்காரியே நாளடைவில், "உன் கையைக் காட்டு," என்று கேட்டுத்தான் ரிக்கற் கொடுத்தாள்.

எங்கள் அணியின் ஆள் ஒருவன், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், ஒருமுறை தன் காதலியை முன்னால் நுழைக்கப் பார்த்தான். அக்கா எழும்பி நின்றார். எழும்பி நின்றும் அவனுடைய நெஞ்சுக்கு எட்டவில்லை. "நீ விளையாடுறாய். அவ விளையாடேல்லை," என்று தன் இங்கிலீசில் சொல்லி, கடைசி ஆளைக் கையால் காட்டினார். அந்த மலை காதலியைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனது. அடுத்த கிழமை அவன் அக்காவுக்குக் கோப்பி வாங்கி வந்தான். அக்கா அதை வாங்கவில்லை. தன்னிடம் பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கிறது என்றார்.

இவ்வளவு பாடுபட்டு முதல் ஆளாக நின்று வாங்குகிற இரண்டு ரிக்கற்றையும் அவர் என்ன செய்வார் என்பதுதான் விசேஷம். யன்னல் சாத்தும் மட்டும் வாங்கில் இருந்து படிப்பார். சாத்தியதும் எழும்பிப் போய், கடைசி ரிக்கற் வாங்கியவருக்கு அடுத்ததாக நின்று ஏமாந்தவர் யாரென்று பார்ப்பார். அவருடைய கையைப் பிடித்து நம்பரைச் சரிபார்த்து, இரண்டையும் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார். முதல் ஆளாக நிற்கிறவர் அடுத்ததாக ஏமாந்தவருக்குக் கடமைப்பட்டவர் என்பது அவருடைய கணக்கு. இப்படியாக, எந்த ஆட்டத்துக்கும் ரிக்கற் வைத்திருந்த அந்த மனிசி ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. ஆனால் விதிகள் எல்லாம் பாடம். வாங்குக்கு மேலே சுவரில் ஃபுட்போல் விதிகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். படித்துக் களைத்தால் அதை வாசிப்பாராம்.

நாங்கள் தமிழ்ப் பெடியள் அவருக்கு நம்பர் அக்கா என்று பெயர் வைத்தோம். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவு வந்தது இரண்டாம் வருடத்தில்தான். அவர் கோபிக்கவில்லை. "நம்பர் எண்டாலும் சரி, அக்கா எண்டாலும் சரி, பின்னாலை போய் நில்லும்," என்றார்.

வரிசைப் பைத்தியம் பல்கலைக்கழகத்தோடு நின்றதா என்றால் இல்லை. ஸ்காபரோவில் ஒரு பழைய பண்டகசாலைக்குள் இருந்த கோயிலில் அன்னதானம். சோறு வாங்கக் கடதாசிக் கோப்பையோடு நாங்கள் நிற்கிறோம். கோயில் காரியதரிசி, வீடு விற்கிற பிரமுகர் ஒருவரைத் தோளில் கை போட்டு முன்னால் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஆறு பேருக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பினார்.

"ஐயா, உள்ளுக்கை சாமி கும்பிடேக்கை நீங்கள் ஆரை முன்னுக்கு விட்டாலும் அது உங்கடை பொறுப்பு. இது சோத்து வரிசை. பசி எல்லாருக்கும் ஒண்டு."

காரியதரிசிக்கு முகம் கறுத்தது. பிரமுகர் நல்ல மனிதர் போலும், சிரித்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். அன்று அக்காவுக்குச் சரியாக வடை முடிந்துபோனது. முன்னால் நின்றவர் தன் வடையைப் பிய்த்துப் பாதி நீட்டினார். "முடிஞ்சால் முடிஞ்சதுதான்," என்று வெறும் சோற்றையும் பருப்பையும் ரசித்துச் சாப்பிட்டார். அந்த முகத்தில் இருந்த திருப்தியை வடை சாப்பிட்ட ஒருவரிலும் நான் காணவில்லை.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். பேனையை மூடினார்.

"ஒரு வரிசை குழம்பினதை நான் பாத்திருக்கிறன். குழம்பின உடனை பலமுள்ளவைதான் முன்னுக்கு. மற்றவை காலுக்குக் கீழை."

எங்கே, எப்போது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் காலத்தில் அப்படிப்பட்ட கேள்விகளை ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வோம்.

நான் மூன்றாம் வருடத்துக்கு வந்தபோது என் தம்பி, வீட்டில் அவன் சின்னவன், அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். பள்ளிக்கூடத்தில் சாதாரண உதைபந்து ஆடியவன். அவன் உதைக்கிற தூரத்தைப் பார்த்த யாரோ அவனை ஃபுட்போல் அணிக்குள் இழுத்துவிட்டார்கள். கம்பங்களுக்கு நடுவால் பந்தை உதைப்பது மட்டும்தான் அவனுடைய வேலை. அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் தலைக்கவசத்தைக் கட்டிலுக்குக் கீழே கண்டுபிடித்துவிட்டார்.

"தலைக்குச் சட்டி கவிட்டுக்கொண்டு விளையாடுறது என்ன விளையாட்டு? தலை உடையும் எண்டு தெரிஞ்சுதானே சட்டி குடுக்கினம்?"

சின்னவன் சாப்பிடாமல் இருந்தான். அவன் அம்மாவின் சொல்லைத் தட்டுகிற பிள்ளையில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒருக்கா என்ரை கண்ணாலை பாக்கிறன். பாத்திட்டுச் சொல்லுறன். பாக்காமல் அடுத்த வருசம் விடமாட்டன்." அம்மாவுக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமைகளிலும். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்த ஒரேயொரு சனிக்கிழமை லீவு, கடைசி ஆட்டத்து நாள். கடைசி ஆட்டம் பகையாளியோடு, பகையாளியின் ஊரில். புதிதாகச் சேர்ந்த ஆட்டக்காரருக்கு வெளியூர் ஆட்டத்தில் வீட்டாருக்கென்று ரிக்கற் கிடையாது.

நான் பதறவில்லை. அக்கா இருக்கிறார்தானே? மூன்று வருடப் பழக்கம். திங்கட்கிழமையே அவரைக் கண்டு அம்மாவின் விஷயத்தைச் சொல்லியும் வைத்தேன். அவரும் அக்கறையோடு கேட்டார். அந்தத் தைரியத்தில் புதன்கிழமை நன்றாக நித்திரை கொண்டுவிட்டு ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா என் கையில் 91 என்று எழுதினார். நான் கண்ணைச் சிமிட்டினேன். அவர் சிமிட்டவில்லை.

யன்னல் 89இல் சாத்தியது. அக்கா ரிக்கற்றோடு எழும்பி வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தார். 90. விட்பியிலிருந்து ரயிலில் வருகிற முதலாம் வருடக்காரி. அவள் ரிக்கற்றை வாங்கிக்கொண்டு துள்ளிய துள்ளலில் தொப்பி கழன்று விழுந்தது.

"அக்கா! என்ரை அம்மாவுக்கு எண்டு சொன்னனான் எல்லே?"

"சொன்னனீர். நானும் கேட்டனான். ஆனால் கேட்டதுக்கு நம்பர் குடுக்கேலாது."

"அவ சும்மா கூத்துப் பாக்கப் போறா. எனக்கெல்லே தேவை!"

"தேவையை நான் என்னத்தாலை அளக்கிறது? நேரத்தைத்தான் அளக்கலாம். அவ ஒன்பது மணிக்கு வந்தவ. நீர் ஒன்பது பத்துக்கு வந்தனீர்."

நான் வாய்க்கு வந்தபடி ஏதோ சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். நெஞ்சில் ஈரமில்லாத மனிசி என்று சொன்னதாக ஞாபகம். சின்னவனுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. வாசற்படி இறங்கும்போது பின்னால் கோட்டுச் சரசரப்புக் கேட்டது.

"சனிக்கிழமை காலமை அவையின்ரை ஊரிலை பொதுச்சனத்துக்கு யன்னல் திறப்பினமாம். ஆளுக்கு ஒண்டு. அவையின்ரை பக்கத்திலைதான் இருக்க வேணும். யன்னல்காரியை நேற்றே கேட்டு வைச்சனான். ஆறு மணி பஸ். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"நீங்களும் வாறியளோ?"

"ஓம், வாறன். வேறை ஊர் வரிசை. எப்பிடியிருக்கெண்டு பாக்க வேண்டாமே?"

சனிக்கிழமை அம்மா மலிவு விற்பனையில் வாங்கிய பச்சை ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, ஒரு பை நிறைய இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார். பகையாளியின் நிறம் பச்சை. அதைச் சொன்னால் ஜக்கெற் போடாமல் குளிரில் விறைக்க வேண்டும். ஆகவே பேசாமல் இருந்தேன்.

அங்கே இறங்கியதும் நானும் அக்காவும் எந்த யன்னல் என்று காவலாளியிடம் விசாரித்துக்கொண்டு நின்றோம். அம்மா அதற்குள் வரிசையைக் கண்டு தானாகப் போய் நின்றுவிட்டார். நாங்கள் திரும்பி வருவதற்குள் அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர். நான் அம்மாவோடு போய் நிற்கக் கால் எடுத்தேன். அக்கா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். இருவரும் பதின்மூன்றாவதும் பதினான்காவதுமாக நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு முழங்கால் உளைந்திருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தார். தூரத்தில் ஒரு வாங்கு. இடியப்பப் பையை வரிசையில் தான் நின்ற இடத்தில் வைத்தார். நேராக்கி வைத்தார். போய் வாங்கில் அமர்ந்துகொண்டார். ஊரில் மண்ணெண்ணெய் வரிசையில் வெறும் எண்ணெய்க் கானை வைத்துவிட்டு நிழலில் போய் இருக்கிற எல்லாரும் செய்கிற காரியம்தான்.

அக்காவின் முகத்தில் இரத்தமில்லை. "ஐயோ, பை நிக்கேலாது," என்று முணுமுணுத்தார். போய்ச் சொல்லலாம் என்றால் வரிசையை விட்டுப் போக வேண்டும். கையில் நம்பர் இல்லாத வரிசை, அதுவும் முடியாது, என்னையும் விடமாட்டார். பன்னிரண்டு பேருக்குப் பின்னால் நின்று தவித்தார்.

வரிசை நகர்ந்தது. பைக்குப் பின்னால் பச்சைத் தொப்பி போட்ட ஒரு வயதானவர் நின்றார். அவர் குனிந்து, பையை இரண்டு கையாலும் தூக்கி, ஓரடி முன்னால் வைத்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா வாங்கிலிருந்தபடியே, சரி என்று தலையாட்டினார். மறுபடி நகர்ந்தது. மறுபடி தூக்கி வைத்தார். இப்படியே பை யன்னல் மட்டும் போய்ச் சேர்ந்தது. கிழவர், "மேடம்!" என்று குரல் கொடுத்தார். அம்மா ஆறுதலாக எழும்பி வந்து, ரிக்கற் வாங்கி, கிழவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"உது எந்த விதியிலை வருது?" என்று கேட்டார் அக்கா. ஒருவரும் ஏமாறவில்லை, ஒருவரும் முந்தவும் இல்லை. அதுதான் அவரைக் குழப்பியது. எங்களுக்கும் ரிக்கற் கிடைக்கும் மட்டும் அவர் அந்தப் பை போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்தாவது வரிசையில் இடம் கிடைத்தது. சுற்றிவரப் பச்சை. அம்மாவின் ஜக்கெற்றைக் கண்டு யாரோ அவருக்கு ஒரு பச்சைக் கொடியும் கொடுத்துவிட்டார்கள். சின்னவன் பெரும்பாலும் ஓரத்தில் நின்றான். "ஏன் அவனை வெளியிலை விட்டிருக்கினம்? உந்த உரிச்ச தேங்காயை அவனுக்கும் ஒருக்காக் குடுக்கலாம்தானே?" என்று அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தார். வாழ்க்கையில் முதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, சுவரில் வாசித்த விதிகளை ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இடியப்பம் முடிந்தது. ஆட்டமும் முடியப் போனது. இரண்டு பக்கமும் சமன்.

கடைசிச் சில விநாடிகள் இருக்கும்போது சின்னவன் உள்ளே ஓடினான். மைதானம் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பியது. எங்களுக்கு முன்னால் பச்சை முதுகுகள் மதில் கட்டின. அம்மா நுனிக்காலில் நின்றார்.

"எங்கை? எங்கை சின்னவன்? எனக்கு ஒண்டும் தெரியேல்லை!"

இதைப் பார்க்கத்தான் வந்தது. இதைப் பார்க்காவிட்டால் அடுத்த வருடம் இல்லை. அக்கா ஒருமுறை முன்னால் நின்ற முதுகுகளைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்தார்.

பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். படியும் சனம். நிற்கவில்லை, கேட்கவில்லை, முழங்கையால் விலக்கினார், குனிந்து நுழைந்தார், ஒருவருடைய கோப்பியைத் தட்டி ஊற்றினார். நான் பின்னால் ஓடினேன். மூன்று வருடத்தில் ஒரு மனிதரையும் முந்தாத மனிசி பத்து வரிசைச் சனத்தைப் பிளந்துகொண்டு போய், அம்மாவைக் கீழே மைதானத்து வேலிக் கம்பியோடு நிறுத்தினார்.

சின்னவன் உதைத்தான். பந்து சுழன்று உயர்ந்து, வலப்பக்கக் கம்பத்துக்கு வெளியால் போனது. எங்களைச் சுற்றி ஆரவாரம் வெடித்தது. பந்து அதே வேகத்தில் மைதானத்தின் பின் எல்லைக் கோட்டையும் தாண்டிப் போய் விழுந்தது. நடுவர் ஒரு விரலை உயர்த்தினார். ஆரவாரம் அப்படியே அடங்கிப்போனது.

"பிழைச்சுப் போச்சோ?" என்றார் அம்மா.

"ஓம் அன்ரி, பிழைச்சுப் போச்சு. ஆனால் பின்கோட்டையும் தாண்டினால் ஒரு புள்ளி குடுப்பினம். உங்கடை மகன் வெண்டிட்டார்."

"பிழைச்சதுக்கும் குடுப்பினமோ?"

"இஞ்சத்தை விதி அப்பிடி."

சின்னவனை மற்றவர்கள் தூக்கிவிட்டிருந்தார்கள். அவன் சனத்துக்குள் தேடினான். கம்பியோடு பச்சை ஜக்கெற் நிற்பதைக் கண்டுவிட்டான். அம்மா பச்சைக் கொடியை ஆட்டினார்.

"சரி, விளையாடட்டும்," என்றார் என்னிடம். "ஆனால் அந்தச் சட்டியைக் கழட்டக் கூடாது எண்டு சொல்லிப்போடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவரைக் காணவில்லை.

அவர் படியில் இருந்தார். கீழ் வரிசையிலிருந்து தொடங்கியிருந்தார். இடித்தது யார் யாரை என்று எப்படி நினைவு வைத்திருந்தாரோ தெரியாது, ஒவ்வொரு வரிசையிலும் நின்று, ஒவ்வொருவராக, முந்திப் போனதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சற்று முன்தான் தோற்றுப்போன சனம். கோப்பி சிந்திய பெண் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தாள். அம்மா, வென்றதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்து, தானும் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் "சொறி, சொறி" சொன்னார். பத்தாவது வரிசைக்கு வந்து சேரும்போது மைதானம் பாதி காலி.

அக்காவோடு பிறகு தொடர்பு விட்டுப்போனது. படிப்பு முடிய பிறம்ரன் பக்கம் வேலை கிடைத்துப் போனார் என்று கேள்வி. அவரை நினைக்கும்போது எனக்கு அந்தப் படிதான் நினைவுக்கு வரும். அன்று பத்தாவது வரிசைக்கு மூச்சு வாங்க வந்து அமர்ந்தவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன சிரிப்பு?" என்றார் அக்கா. "எல்லாரும் எனக்கு முன்னாலை வந்து நிண்டவை."